சங்கு ஊதும் நேரத்துக் குளிர்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டுக்கு வந்தது பட்டப்பகலில் வந்தது. ஃபாக்டரியில் மத்தியான ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும். அது ஊதி ஓய்வதற்குள் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும், தெருவில் ஒரு நாய்கூட நடமாடாது. அந்த நேரத்தில்தான் என் அம்மா குளிரில் கிடந்து நடுங்குவாள்.

எழுபதுகளின் பின்பாதி அது. அப்பா மத்திய சர்க்கார் ஃபாக்டரி ஒன்றில் டர்னர். தெலுங்குச் சீமையில் திருமுல்கேரி தாண்டி எங்கள் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் மதுரைப் பக்கம். அப்பா தெலுங்கு, உருது எல்லாம் கலந்தடித்துச் சமாளிப்பார். அம்மாவுக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவு தெலுங்கு உண்டு, அதற்கு மேல் கிடையாது. நான் ஒரே பெண். இன்டர் படித்துக்கொண்டிருந்தேன். காலைக் கல்லூரி என்பதால் மத்தியானச் சங்குக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவேன். அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தான். அப்பா பார்க்கவில்லை, அவர் அப்போது லேத்துக்கு முன்னால் நிற்பார்.

அந்த வீடு எங்களுக்குக் கிடைத்ததே ஒரு அதிசயம். வரிசையில் கடைசி வீடு, பின்னால் கொய்யா மரம், பெரிய சிமென்ட் தொட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வருகிற காலனியில் அப்படி ஒரு தொட்டி இருந்தால் ராஜவாழ்க்கைதான். அப்பாவுக்கு மேலே சீனியர்கள் எத்தனையோ பேர் இருந்தும் அந்த வீட்டை ஒருவரும் கேட்கவில்லை. பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. 'நம்ம அதிர்ஷ்டம் பாத்தியா' என்று அப்பா சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். ஏன் யாரும் கேட்கவில்லை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதிர்ஷ்டம் வந்தால் யார்தான் காரணம் கேட்கிறார்கள்?

மழைக்காலம் பேருக்கு வந்துபோன பிறகு, புழுக்கம் தாங்காத ஒரு நாளில் அது தொடங்கியது. அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. உள்ளே வந்தவள் துணியைக் கீழே போட்டாள். "ஏண்டி, ஃபேன நிறுத்து" என்றாள். ஃபேன் ஓடவே இல்லை, கரண்ட் போயிருந்தது. அடுத்த நிமிஷம் பல் கிட்டித்துப் பேச்சே வரவில்லை. வீட்டில் இருந்த போர்வை, ஜமக்காளம், கம்பளி எல்லாவற்றையும் போர்த்தினேன். அப்படியும் கட்டில் ஆடியது. கட்டில் கால் சுவரில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பியது. யாரோ உள்ளே விடச்சொல்லிக் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது அது. பிறகு குளிர் நின்று காய்ச்சல் ஏறியது. தொட்டால் கை சுட்டது. கண் சிவந்து, எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள். சாயங்காலம் தெப்பலாக வியர்த்தது. எழுந்து முகம் கழுவி, எதுவுமே நடக்காத மாதிரி காப்பி போட்டாள்.

மறுநாள் நன்றாக இருந்தாள். தோசைக்கு அரைத்தாள், தலை குளித்தாள், என்னைத் திட்டினாள். சரி, ஏதோ சாதாரணக் காய்ச்சல், வேர்த்து விட்டுவிட்டது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் சங்கு ஊதியது. கட்டில் மறுபடி சுவரைத் தட்டத் தொடங்கியது.

அப்படியே ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகப் போகமாட்டார்கள். எங்கள் ஊரில் சங்கு ஊதுவது சாவு வீட்டில். அந்த நினைப்பு வேறு என்னைப் பிடித்துக்கொண்டது. கல்லூரியிலிருந்து பஸ்ஸில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வருவேன்.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் அம்மா அறை மூலையைக் காட்டினாள்.

"யாருடி அது? அரிசி டின்னுப் பக்கத்துல உக்காந்திருக்கிறது?"

"யாருமில்லம்மா. சும்மா படு."

"இருக்கா. காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. வயித்துப் புள்ளக்காரி. இம்புட்டு வயித்த வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருக்காளே, எந்திரிக்கச் சொல்லுடி."

நான் மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். அரிசி டின் இருந்தது, அதன் மேல் முறம் இருந்தது. வேறொன்றும் இல்லை. ஆனாலும் அந்த டின்னிலிருந்து அரிசி எடுக்க அதற்குப் பிறகு நான் தனியாகப் போகவில்லை. இன்றுவரைக்கும் எந்த வீட்டிலும் அறை மூலையில் நான் சாமான் வைப்பதில்லை, போங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குக்காரி. எங்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவாள். நல்ல மனுஷிதான், ஆனால் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. கறிவேப்பிலை கேட்டாலும் வெளியே நின்றுதான் கேட்பாள். மடி ஆசாரம் பார்க்கிறாள்போல என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் சத்தம் கேட்டு அன்றைக்கு வாசலுக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்மா நடுங்குவதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமெ வச்சேசிந்தி" என்றாள். அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"யாரு அக்கா?"

"உங்களுக்கு முன்னால இந்த வீட்ல இருந்த ஆமெ. இதே ரூம்ல செத்துப் போயிடுச்சி பாவம். அதே டைம், அதே வணுகு, இதே மாதிரி நடுக்கம். சைரன் ஊதினா ஸ்டார்ட் ஆகும். ஏழு மாசம் கர்ப்பம் வேற. வெயில்ல கம்பளி கேட்டு அழுதுச்சி."

கர்ப்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் அரிசி டின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா மூலையில் பார்த்துச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். குழாயடியில் பெண்கள் பேசியது அரைகுறையாக அம்மா காதில் விழுந்திருக்கலாம், காய்ச்சலில் அது உருவம் எடுத்திருக்கலாம் என்று இப்போது சொல்வேன். அப்போது அப்படியெல்லாம் நினைக்க எனக்கென்ன, புத்தி நிதானமாகவா இருந்தது?

டாக்டரிடம் போகாமல் இல்லை. எங்கள் ஃபாக்டரி டிஸ்பென்சரியில் குடும்பத்தாரைக் காலையில்தான் பார்ப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் மெஷினில் கை மாட்டியவன், கண்ணில் பிசிர் விழுந்தவன் என்று தொழிலாளிகளுக்கு மட்டும். அதுதான் சட்டம். அப்பா காலையில் அம்மாவைக் கூட்டிப் போவார். டாக்டர் தெர்மாமீட்டர் வைப்பார். காய்ச்சல் இருக்காது. நாடி சரியாக இருக்கும். மெட்ராஸில் படித்தவர், தமிழிலேயே சொல்வார்: "ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் வீக்னஸ். டானிக் குடிங்க." மத்தியானம் நடுங்குகிறாள் என்று அப்பா சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டுக்காகப் பெண்டாட்டியைக் கூட்டி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் அல்லவா, அந்தப் பார்வை. அப்பாவுக்கு மானம் போய்விடும். சிவப்பு டானிக் பாட்டிலோடு திரும்பி வருவார்கள். சங்கு ஊதும்.

டானிக் பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. அம்மா உருகிக்கொண்டே வந்தாள். உதடு வெளுத்துப்போயிற்று. நகம் வெளுத்தது. கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காய்ச்சல் இல்லாத நாளில்கூட இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அம்மா செத்துப்போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு தர்காவுக்குப் போகச் சொன்னாள். "ஹவ், சரி, அதையும் பாத்துருவோம்" என்று அப்பா கிளம்பிவிட்டார். அங்கே ஒரு பெரியவர் ஓதி, கையில் தாயத்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் சங்கு ஊதியது, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவைப் பிடிக்க முடியவில்லை! ஜாங்கிரி வாங்கிவந்து வரிசை முழுக்கக் கொடுத்தார். அது காய்ச்சல் வராத இடைநாள் என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அடுத்த நாள் சங்கோடு கட்டில் ஆடியபோது, தாயத்துக் கட்டின கையால் அம்மா எதையோ தீட்டுப்பட்டதைத் தொட்டிருப்பாள் என்றாள் அக்கா. எனக்கு வந்ததே கோபம். நோயாளியாகக் கிடப்பதும் அவளே, தப்புச் செய்ததும் அவளேயா?

கடைசியில் அப்பா ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். ஊரில் பேய் ஓட்டுகிற கோயில் ஒன்று உண்டு. மாமா அங்கே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. தலைமுடியைப் பிடித்து ஆட்டுவார்கள், சாட்டையால் அடிப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். சுவரைப் பிடித்து நடக்கிறவளை இரண்டு பகல் ரயிலில் உட்காரவைத்து, அடி வாங்கவும் அனுப்பினால் உயிரோடு திரும்புவாளா?

"அனுப்பாதீங்கப்பா. அடிச்சா செத்துருவா" என்றேன்.

"நக்கோ, வேணாம்! நீ சும்மா இரு" என்றார். சொல்லிவிட்டு அவரே கொல்லையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரயிலுக்கு முந்தின வாரம், காய்ச்சல் இல்லாத ஒரு நாள். அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

"ஏண்டி, பேய்க்குக் குளிருமா?"

"என்னம்மா கேக்கிற?"

"அவ நடுங்குறாடி. எனக்கு எப்ப நடுக்கம் வருதோ அப்பத்தான் அவளும் நடுங்குறா. பல்லு அடிக்கிற சத்தங்கூட எனக்குக் கேக்குது. நான் போத்தியிருக்கிற கம்பளியையே பாத்துக்கிட்டு இருக்கா. பயமுறுத்த வந்தவளுக்கு எதுக்குக் கம்பளி? அவளும் என்னைய மாதிரி சீக்காளிடி. அவளுக்கு என்ன வந்துச்சோ அதுதான் எனக்கும் வந்திருக்கு. பேய் புடிச்சா ஓட்டலாம். சீக்குக்கு மருந்துதானே குடுக்கணும்?"

"டாக்டர்தான் ஒண்ணுமில்லங்கிறாரே."

"அவரு பாக்கையில அது இருக்கிறதில்ல. அது வர்ற நேரத்துக்கு நாம அவரு முன்னால போய் உக்காருவோம். வரட்டும்."

எழுத்துக்கூட்டி வாசிக்கிற என் அம்மா இதைச் சொன்னாள். சொன்னதும் விட்ட இடத்திலிருந்து சீப்பை இழுத்தாள், எனக்கு உயிர் போகிற மாதிரி வலித்தது.

மறுநாள் சங்குக்கு வெகுநேரம் முன்னால் வீட்டைப் பூட்டினோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொளுத்துகிற வெயிலில் நான் கம்பளியைச் சுமந்துகொண்டு போனேன். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. டிஸ்பென்சரி அட்டெண்டர் எங்களைக் கண்டதும் சலித்துக்கொண்டான்.

"கைக்கு, எதுக்கு அம்மா இந்த டைம்ல? சுபே, காலையில வாங்க. இப்ப லேபர் கேஸ் மட்டும்தான்."

"இருக்கட்டும்ப்பா. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் பூ, மடியில் கம்பளி. பார்த்தால் கல்யாண வீட்டுக்கு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவள் மாதிரிதான் இருந்தது. எனக்கோ வேறு பயம் வந்துவிட்டது. இன்றைக்குப் பார்த்து வராமல் போய்விட்டால்? வாழ்க்கையில் முதல்தடவையாக, என் அம்மாவுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

சங்கு ஊதியது. நீளமாக ஊதி ஓய்ந்தது. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொய்யாப்பழம் விற்கிறவன் சைக்கிளில் போனான். ஒன்றும் நடக்கவில்லை. அட்டெண்டர் சிரித்தான். "போங்கம்மா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அப்போதுதான் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. அம்மா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள். கம்பளியைப் பிரித்துத் தன் தோளில் பாதி போட்டுக்கொண்டாள். மீதிப் பாதியைக் காலியாக இருந்த இடத்தின் பக்கம் நீட்டிவிட்டாள்.

"வந்துட்டா" என்றாள். அதற்குமேல் பல் கிட்டித்துவிட்டது. பெஞ்சு ஆடத் தொடங்கியது. நிஜமாகச் சொல்கிறேன், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் மட்டுமல்ல, காலியாக இருந்த பக்கமும் ஆடியது. பெஞ்சு ஆடினால் முழுசாகத்தான் ஆடும், எனக்கும் தெரியும். ஆனாலும் என் கண் அந்தக் காலி இடத்தை விட்டு நகரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் டாக்டர் கையில் பஞ்சோடு ஓடிவந்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே தூக்கிப் போகச் சொன்னார். இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார், அம்மா துடித்தாள். மண்ணீரல் வீங்கி இறங்கியிருக்கிறது என்றார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்தார்.

சாயங்காலம் அப்பா எண்ணெய்ச் சட்டையோடு ஓடிவந்தார். டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார்: மலேரியா.

"அதத்தான் சர்க்காரு ஒழிச்சாச்சே சார்!"

"ஒழிச்சாச்சுன்னு நாங்களும்தான் இருந்தோம்" என்றார் டாக்டர். பிறகு பொறுமையாக விளக்கினார். கிருமி ரத்தத்துக்குள் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் புகுந்து வளர்ந்து பெருகி, எல்லாம் ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போதுதான் குளிர், பின்னால் காய்ச்சல், பின்னால் வியர்வை. மறுபடி உள்ளே போய் வளர ஒரு முழுநாள் இடைவெளி. அதனால்தான் முறை வைத்து வருகிறது. ரத்தம் இப்படி உடைந்து உடைந்துதான் ஆள் வெளுத்துப்போவது. இன்னும் சில முறை வந்திருந்தால் தாங்கியிருக்கமாட்டார்கள் என்றார். ஃபாக்டரி சங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நேரம் ஒத்துப்போனது அவ்வளவுதான்.

மருந்து எழுதப்போனவர், "எந்த குவார்ட்டர்ஸ்?" என்று கேட்டார். அப்பா சொன்னார். டாக்டர் பேனாவை மூடினார்.

"அந்தப் பொண்ணும் காலையிலதான் வரும்" என்றார். "வர்றப்பல்லாம் நல்லாத்தான் இருக்கும். மாசமா இருக்கிறதால சோகைன்னு டானிக் குடுத்தேன்."

கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறந்தாள். கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

அந்த வாரமே மலேரியா ஆபீஸ் ஆட்கள் வந்து வீட்டைச் சோதித்தார்கள். சாக்கடையைப் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். நேராகத் தொட்டிக்குப் போய் உடைந்த மூடியைத் தூக்கினார்கள். கண்ணாடி மாதிரி தண்ணீர் என்று அம்மா பெருமைப்படுவாள். அந்தத் தண்ணீரின் மேல்மட்டத்தில் சின்னச் சின்னத் துரும்புகள் படுத்திருந்தன. எங்கள் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒன்றாக உள்ளே இறங்கிப்போயின. எல்லாம் கொசுப்புழு. இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். வருஷாவருஷம் சுவருக்கு மருந்து அடிக்க வருகிறவர்களையும், சாமி அலமாரியில் படும், பாத்திரத்தில் படியும் என்று வாசலோடு திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். அடித்தாயிற்று என்று கதவில் எழுதிவிட்டுப் போவார்கள். தண்ணீர்க் கஷ்டம் தாங்காமல் அந்தத் தொட்டியைக் கட்டவைத்தது முன்னால் இருந்த அந்தப் பெண்தான் என்று அக்கா சொன்னாள். அவள் வந்துவிட்டாள் என்று அக்கா அன்றைக்குச் சொன்னதும் ஒருவகையில் சரிதான். அவள் விட்டுப்போனது எங்களைப் பிடித்தது.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லவேண்டும். இந்த நோய் கொசுவால் வருகிறது என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ டாக்டர் கண்டுபிடித்தது பேகம்பேட்டில் ஒரு பழைய பங்களாவில்தான். தினமும் என் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போய்வந்தது.

கசப்பு மாத்திரையை அம்மா முகம் சுளிக்காமல் விழுங்கினாள். ஒருநாள் சங்கு ஊதியது, கட்டில் ஆடவில்லை. அதற்கடுத்த முறை நாளிலும் ஆடவில்லை. அப்பா டிக்கெட்டைக் கேன்சல் செய்தார். அம்மா அந்தக் கம்பளியைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, அரிசி டின்னை நகர்த்திவிட்டு அந்த மூலையில் வைத்தாள். நாங்கள் அங்கே இருந்த வருஷங்கள் முழுக்க, எந்தக் குளிர்காலத்திலும் அதை எடுத்து யாரும் போர்த்திக்கொண்டதில்லை.

அப்பாவுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து வீட்டைக் காலி செய்த அன்று, சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. அப்பா மூலைக்குப் போய்க் கம்பளியை எடுத்தார்.

"வச்சிருங்க. அது நம்மளது இல்ல" என்றாள் அம்மா.

புதிதாகக் குடிவருகிறவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். சின்ன வயசுப் பெண், மாசமாக இருந்தாள். அம்மா சாவியை அவள் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில், திக்கித் திக்கிச் சொன்னாள். தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறேன், திறந்து வைக்காதே. காய்ச்சல் வந்தால் காலையில் போகாதே அம்மா. நடுங்கும்போது போ.

சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே, காலியான அறை மூலையைப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள் தமிழில்.